பள்ளத்தாக்கு நோக்கித் திருப்பிய ஆண்டெனா

செவ்வாய், மருதம் நிலையம். நாள் 211. 08:10
பதிவு: செண்பகவடிவு, கணினிப் பொறுப்பு. வெளிவெப்பம் மைனஸ் 61. தூசி குறைவு. நிலையத்தில் நாங்கள் இருவர் மட்டுமே. சிலுவைமுத்து அண்ணாச்சி பாறை எடுக்க ஊர்தியில் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறார், பதினொரு கிலோமீட்டர். பூமி அனுப்பிய லினக்ஸ் அப்டேட்டைப் போட்டேன். கணினி ரீஸ்டார்ட் ஆகிறது.

09:25
ஊர்தியோடு தொடர்பு இல்லை. வைஃபை கார்டு இருப்பதாகவே கணினி காட்டவில்லை. கழற்றித் துடைத்து மாட்டினேன். மாற்றமில்லை. மேற்கே புழுதிப் புயல் எழுகிறது. நம் சிக்னல் இல்லாமல் ஊர்திக்குத் திரும்பும் வழி தெரியாது.

10:40
கெர்னல் பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். கார்டு உயிரோடுதான் இருக்கிறது. டிரைவரும் ஏறியிருக்கிறது. கார்டுக்குள் ஓட வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பைத்தான் காணோம். பழையதை அழித்த அப்டேட் புதியதை வைக்கவில்லை. காற்று இயந்திரத்தை நடத்தும் கணினியிலும் இதே கார்டு, அதில் அப்டேட் போடவில்லை. அங்கிருந்து பென் டிரைவில் எடுத்து வந்தேன்.

11:15
கோப்பை வைத்ததும் கார்டு கணினியில் தெரிந்தது. ‘முடக்கப்பட்டது’ என்றது. மென்பொருள் பூட்டைத் திறந்தேன். இணைந்தது. நாற்பது விநாடியில் அறுந்தது. அந்த நாற்பது விநாடிக்குள்:

“வடிவு, கேக்கா? வழியே தெரியல பிள்ளே. கண்ணு முன்னால செம்மண்ணுதான். ஆக்சிஜன் நாலு மணி வரைக்கும் வரும்.”

கார்டின் மின்சேமிப்பை அணைத்தேன். இனி தானாக அறாது. ஆனால் புயல் தடித்துவிட்டது. குரல் இல்லை.

12:30
சிக்னல் போதவில்லை. வைஃபை பலத்துக்கு நாட்டுக்கு நாடு ஒரு வரம்பு உண்டு. எந்த நாடு என்று குறிப்பிடாததால் கார்டு மிகக் குறைந்த பலத்தில் பேசுகிறது. இங்கே ஏது நாடு? அதிகபட்ச பலத்தை அனுமதிக்கும் ஒரு நாட்டின் பெயரைப் போட்டேன். அதுவும் போதவில்லை.

மிச்சமிருப்பது கூரைமேல் இருக்கும் பெரிய டிஷ். அது பூமியைப் பார்த்து நிற்கிறது. வைஃபை வயரை அதில் கட்டிப் பள்ளத்தாக்கு நோக்கித் திருப்பினால் எட்டும். பூமிக்குச் சொல்லிவிட்டேன். போக பதினான்கு நிமிடம், வர பதினான்கு.

13:05
கட்டுப்பாட்டு இயக்குநர் அறவாழியின் பதில்:

“டிஷ்ஷைத் திருப்பாதீங்க வடிவு. புழுதியில மோட்டார் சிக்கிட்டா உங்க குரல் எங்களுக்குக் கேக்காது. முப்பது நாள் சத்தமில்லன்னா உங்களை அழைச்சுட்டு வர வேண்டிய மீட்புக் கலம் ரத்து, விதி உங்களுக்கே தெரியும். சிலுவைமுத்துவை இழந்துட்டோம்னு வெச்சுக்குங்க. இது உத்தரவு.”

நான் அனுப்பியது:

“அவர் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கார் சார். அப்டேட்டை அனுப்பினது நீங்க, போட்டது நான். உங்க உத்தரவை நான் ஏத்துக்கல.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

14:20
கூரையேறி வயரைக் கட்டினேன். கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன. டிஷ் முனகிக்கொண்டே திரும்பியது. ஆறு முறை கூப்பிட்டேன். புயல் இரைச்சல் மட்டும். ஏழாவது முறை:

“கேக்கு பிள்ளே! நல்லா கேக்கு!”

வழித்தடத்தை அனுப்பினேன். ஊர்தி நிலையத்தை நோக்கித் திரும்பிவிட்டது.

15:48
உள்ளே வந்துவிட்டார். பன்னிரண்டு நிமிடக் காற்றுதான் மிச்சம். உதடு நீலம் பாரித்திருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். “எனக்காகப் பூமியையே விட்டுட்டியே, கிறுக்குப் பிள்ளே” என்றார். பிறகு அழுதார். நான் அழவில்லை. டிஷ்ஷைத் திருப்பும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் அசையவில்லை.

நாள் 226. 10:05
பல்சக்கரம் முழுக்கப் புழுதி. கையால் சுழற்றிப் பார்த்தோம். திருகுசாவி உடைந்தது. அண்ணாச்சியின் இடது மணிக்கட்டும்.

நாள் 240. 07:50
நாளையோடு முப்பது நாள். கலம் ரத்தாகும். பூமியில் எங்களுக்கு இரங்கல் கூட்டமே முடிந்திருக்கலாம். முடியட்டும்.

டிஷ்ஷை மோட்டாரிலிருந்து அடியோடு அறுத்து, பூமிக்கான வயரை மறுபடி மாட்டிவிட்டோம். இருவருமாகத் தோளில் தூக்கிப் பூமிக்கு நேராகப் பிடிக்கப் போகிறோம். குறி நான் பார்ப்பேன். பூமி இப்போது எப்போதாவதுதான் எங்கள் பக்கம் காது கொடுக்கும், அதனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரிய மூன்று மணி நேரமாவது அசையாமல் நிற்க வேண்டும். உடுப்பில் காற்று இரண்டரை மணி நேரத்துக்கு.

“மெதுவா மூச்சு விட்டா போதும் பிள்ளே” என்கிறார் அண்ணாச்சி.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: டிஷ்ஷைத் திருப்பியது நான்தான். உத்தரவை மீறித்தான் திருப்பினேன். அதற்கு வருத்தமில்லை. அண்ணாச்சி ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். கதவு திறக்க