வலப்பக்கச் சுவர்

12 மார்ச் 1958, புதன்

சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் என் தையல் மேசையை ஒதுக்கிவிட்டு வீட்டு பிளானை மறுபடி விரித்தார். பதினான்கு வருஷமாகக் கம்பெனியில் உட்கார்ந்து ஊரார் வீட்டுக்கெல்லாம் பிளான் வரைந்தவர். இது ஒன்றுதான் எங்களுக்கு.

அப்பர் சிராங்கூன் ஆறாவது மைலில் நாற்பதுக்கு எண்பது அடி மனை. இரண்டு அறை, கூடம், அடுப்படி, கிணறு. செங்கல், ஓடு, கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து இருநூறு வெள்ளி. கையில் இருப்பது மூவாயிரத்து நூறு. மீதிக்குக் கம்பெனியில் கடன் கேட்கலாம் என்கிறார். "ஆனிக்கு ஜன்னல் வச்ச ரூம்" என்றதும் குழந்தை குதித்தாள். இந்தக் கெர்பாவ் ரோட்டு மாடி அறையில் அவள் பிறந்து ஏழு வருஷம் ஆகிறது.

அவர் வலது கை பட்டு தேத்தண்ணி கொட்டிவிட்டது. "இங்க யாரு வச்சது?" என்று கத்தினார். எப்போதும் அங்கேதானே வைக்கிறேன்! இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

30 மார்ச், குருத்து ஞாயிறு

பூசை முடிந்து மனைக்குப் போனோம். வீடு கட்ட ஒப்புக்கொண்ட கொத்தனார் நெய்னா முகம்மது வந்திருந்தார். பிளானைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, வலப்பக்கச் சுவரு எங்க போயி நிக்குது? பாதியில காத்துல வுட்டுட்டீங்களே லா."

நெய்னா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "உனக்குப் படிக்கத் தெரியல" என்று தாளைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டார். திரும்பும் வழியில் செம்மண் பாதையோரச் சாக்கடையில் இவர் வலது கால் இறங்கிவிட்டது. பட்டப்பகல். சாக்கடை மூன்றடி அகலம்.

9 ஏப்ரல்

விளக்கைச் சுற்றி நிறம் நிறமாய் வளையம் தெரிகிறதாம். "பாக்க அழகா இருக்கு மதலேனா" என்கிறார். எனக்கு ஒரு வளையமும் தெரியவில்லை.

2 மே, வெள்ளி

அனுமதிக்குப் போன பிளான் திரும்பி வந்துவிட்டது. மூன்று இடத்தில் சிவப்பு மை. அவர் வரைந்த தாளில் சிவப்பு மை! "அங்க இருக்கிறவன் புதுசு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். தலைவலியாம்.

அளவு கூட்டிப் பார்க்கத் தையல்காரிக்குத் தெரியாதா? அவர் தூங்கியதும் உட்கார்ந்து கூட்டினேன். இடப்பக்கம் எல்லாம் சரி. வலப்பக்கம் இரண்டடி காணோம்.

கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

17 மே, சனி

சிராங்கூன் ரோட்டில் ஆனியின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறார். வலப்பக்கமிருந்து லாரி. டிரைவர் ஹாரன் அடித்தும் இவர் நிற்கவில்லையாம். குழந்தைதான் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறாள். ஏழு வயசுப் புள்ள!

"அப்பா பாக்கவே இல்லம்மா. லாரி அவ்ளோ பெருசு."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஐயோ, என்ன நடக்குது இந்த வீட்டுல? மாதாவே.

19 மே, திங்கள்

மதியம் கம்பெனி வாசலில் ரவூபைப் பார்த்தேன். இவருக்குப் பக்கத்து மேசைக்காரர். முதலில் மழுப்பினார். நான் நகரவில்லை.

"அக்கா, ஆறு மாசமா அண்ணன் போடுற படத்தை நான்தான் சரி பண்ணிக் கொடுக்கிறேன். முதலாளிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

வீட்டுக்கு வந்து இவரிடம் நேராகவே கேட்டேன். மறைக்கவில்லை. ஒருவேளை நான் கேட்பதற்காகத்தான் காத்திருந்தாரோ?

"ஜனவரியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணுக்குள்ள அழுத்தம். போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்த உடனே ஆபரேஷன் பண்ணணும்னாரு."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"ஆபரேஷனுக்கு லீவு போட்டா விஷயம் வெளிய வரும். வேலை போயிடும், கடன் கிடைக்காது. வீடு முடியட்டும்னு இருந்தேன். முழுசா ஒரு தடவை பாத்துட்டா போதும்னு."

ஐந்து மாசம். அவர் தினமும் கோடு போட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஐந்து மாசம்.

11 ஜூன்

ஆபரேஷன் முடிந்தது. வலது கண்ணில் ஒன்றுமில்லை. இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தெரிகிறதாம். அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை.

4 ஜூலை

இரண்டு மாசச் சம்பளம் கொடுத்து கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். ரவூப் பேரை மட்டும் இவர் வாயிலிருந்து அவர்களால் வரவழைக்க முடியவில்லை. கடன் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை.

23 ஆகஸ்ட், சனி

மனையை விற்றுவிடலாம் என்றேன். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார். சரி, கட்டலாம். செங்கல் இல்லை, பலகை. ஓடு இல்லை, தகரம். ஒரு அறை குறைந்தது. ஆயிரத்து எண்ணூறுக்குள் முடித்துத் தருவதாக நெய்னா ஒப்புக்கொண்டார். நான் ராப்பகலாகத் தைக்கிறேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் கோடு போட்டேன். "வலப்பக்கம் சேர்ந்துடுச்சா?" என்று நாலு தடவை கேட்டார். சேர்ந்துவிட்டது என்று அவர் விரலைப் பிடித்துத் தாளில் ஓட்டிக் காட்டினேன்.

1 பிப்ரவரி 1959, ஞாயிறு

குடி வந்துவிட்டோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஆனி கூடத்து ஜன்னலை விட்டு நகரவில்லை. அவளுக்கென்று அறை இல்லாதது பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உள்சுவருக்கெல்லாம் வெள்ளை அடிக்கும்படி நெய்னாவிடம் இவர் சொல்லியிருந்தார். கிணற்று உறைக்கே பணம் சரியாகப் போய்விட்டது. வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். இவரிடம் சொல்லவில்லை.

உச்சி நேரம். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. கூடத்தின் நடுவில் நின்று இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பினார். எதிரே பூச்சில்லாத பலகை, மரத்தின் பழுப்பு நிறம் அப்படியே.

"வெள்ளை நல்லா எடுத்திருக்கு, இல்ல?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "நல்லா எடுத்திருக்கு."