கூடை ஏறாத ஃபோன்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், வீடும் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். டவரே வரப்போகிற நேரத்தில் இவளுக்குக் காகிதம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று சிரிப்பாய். படித்து முடித்த பிறகு சிரி.

ஆமாம், டவர் வந்துவிட்டது. பள்ளி மைதானத்துக்குப் பின்னால் நிற்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி அதை ஓடவிடப் போகிறார்களாம். பிரசவ வலி வந்தால் வண்டி கூப்பிட இனி யாரும் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏற வேண்டாம். டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை. பிள்ளைகளுக்கு எந்தப் பாடம் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும் என்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தேதி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ போன பிறகு வந்த பழக்கம் ஒன்று உனக்குத் தெரியாது. ஊரில் தொட்டியின் உச்சியில் மட்டும்தான் சிக்னல். அப்பாவுக்குக் கால் வீங்கியதும் அவர் பார்த்த வால்வு வேலை எனக்கு வந்தது. காலையில் தண்ணீர் திறந்துவிட்டதும், ஊரார் ஃபோன்களை ஒரு கூடையில் போட்டுக் கயிற்றால் மேலே ஏற்றுவேன். மதியம் இறக்குவேன். அனுப்பியவை போயிருக்கும், வரவேண்டியவை வந்திருக்கும். தையற்காரர் தன் ஃபோனுக்கென்றே ஒரு சட்டை தைத்திருக்கிறார். டீச்சர் ஃபோனில் தினம் நூறு 'குட் மார்னிங்' இறங்கும். நான் உனக்கு அனுப்பியதெல்லாம் அந்தக் கூடையில் ஏறி வந்ததுதான்.

நீ வாங்கித் தந்த ஃபோனை அப்பா மூன்று வருடம் டார்ச் லைட்டாகத்தான் வைத்திருந்தார். உன் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். போகிறவன் போகட்டும், இனி இந்த வாசல் மிதிக்க வேண்டாம் என்று நீ கிளம்பிய அன்று சொன்னவர், அதிலிருந்து இறங்கி வரத் தெரியாத மனுஷன். சாவதற்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை சாயங்காலம், "இதுல பேசி அனுப்பணும்னா எதை அமுக்கணும்?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு உனக்கென்று பேசிப் பதிந்தார்.

அவர் குளிக்கப் போனபோது நான் அதைப் போட்டுக் கேட்டேன். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா. ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ" என்கிறார். அவ்வளவு குழைந்த குரலில் என்னிடம் அவர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. காலுக்கு மருந்து தடவுகிறவள் நான், அன்பான வார்த்தை மட்டும் அவனுக்கா? பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுநாள் நான் அவருடைய ஃபோனைக் கூடையில் வைக்கவில்லை. என் பைக்குள்ளேயே கிடந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் காத்திருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன்.

மதியம் நான் வருவதற்குள் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "அனுப்பிட்டியாம்மா? பதில் வந்துச்சா?" என்றார். "அனுப்பியாச்சுப்பா. அவன் வேலையில இருப்பான்" என்றேன். பொழுது சாயும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. புதன்கிழமை விடிந்தபோது அப்பா இல்லை.

"அப்பா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று நீ கேட்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் போட்டேன். காரியத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லையே, அதற்குக் காரணம் என்னுடைய அந்த ஒரு வரி. பாவி நான்.

மீதியைப் பத்து நாள் கழித்துத்தான் கேட்டேன். அதில் என்னைப் பற்றிப் பேசுகிறார். "இதெல்லாம் உங்க அக்காகிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீ சொல்லிடுடா" என்று முடிக்கிறார்.

ஃபோனை அணைத்து அவர் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். டவர் ஓடத் தொடங்கிய பிறகு அதை என்றைக்குத் திறந்தாலும் அவர் பேச்சு தானாகப் பறந்து உன்னிடம் வரும். அப்படி விட எனக்கு மனமில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். இன்றிலிருந்து பதினைந்தாம் நாள், டவர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, அவர் ஃபோனை மட்டும் கூடையில் வைத்து நானே மேலே ஏற்றுகிறேன். இறந்தவர் குரல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் நீ தாங்க மாட்டாய் என்றுதான் முதலில் இந்தக் காகிதம்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. திட்ட வேண்டுமென்றால் திட்டு. ஆனால் முழுவதும் கேள். கேட்ட பிறகு, அவர் சொல்லச் சொன்னதை எனக்குச் சொல்லிவிடு. திருட்டுத்தனமாகக் கேட்டதை நான் எப்படி என்னுடையது என்று வைத்துக்கொள்வேன்?

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த நாற்காலியை நான் இன்னும் உள்ளே எடுத்துப் போடவில்லை. பதினைந்தாம் நாள் மதியம் கூடையை இறக்கிவிட்டு வந்து அதில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா