வற்றிய ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு

வைகாசி, வெள்ளிக்கிழமை.

குடவாசல் பக்கம் ஏரியின் குறுக்கே வரப்போகும் புறவழிச்சாலையின் சுற்றுச்சூழல் அனுமதிக்காக இன்று பறவைக் கணக்கெடுப்பு முடித்தோம். ஏரி பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது, மாடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் நிற்கும் கார்த்திகையில் வந்து பார்க்கலாம் என்று மேனேஜரிடம் போனில் மன்றாடினேன்.

"இல்லாததை இல்லைன்னு எழுதுறதுல என்னய்யா பொய் இருக்கு?" என்றார்.

'பறவைகள் தென்படவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கிளம்பும்போது ஏரிக்கரை வீட்டு அம்மா ஒருவர் மோர் கொடுத்தார். "நாரையெல்லாம் பயந்துடும்னு தீபாவளிக்குக்கூட எங்க ஊர்ல யாரும் வெடி போடுறதில்லைங்க. மறக்காம அதையும் எழுதுங்க" என்றார்.

தலையாட்டிவிட்டு மோரைக் குடித்தேன்.

சாலை வந்தபிறகு அவர்கள் தாராளமாக வெடி போடலாம்.