பெயர் எழுதக் கூடாத தாள்

ஓசூர்,
12-7-1956

அருமை அக்கா மகள் மங்கம்மாவுக்கு, மாமன் சென்றாயன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்கு முழங்கால் வலி மட்டும்.

உன் காகிதத்தை பஸ் ஏஜென்சியில் உட்கார்ந்து மூணு தரம் படித்தேன். காலேஜ் பிள்ளைகளிடம் காதல், ஆசை, படுக்கை வரைக்கும் கேள்வித் தாள் கொடுத்துக் கேட்கிறீர்களாமே! இதற்கா எம்.ஏ. பட்டம்? போன மாசம் லண்டன் டாக்டர் ஒருத்தர் பஸ்ஸைத் தவறவிட்டு என்னிடம் இதே சங்கதியை விசாரித்தார். நான் சொல்லச் சொல்ல அவர் நோட்டுப் புத்தகமே தீர்ந்துபோச்சு.

அது கிடக்கட்டும். கூடப் படிக்கிற கோவிந்தப்பன் என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாயே, யார் அவன்? உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் தாளை எண்ண வேண்டுமா? நம்ம வழக்கம் தெரியுமில்லே? முறைமாமன் வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தால்தான் பெண்ணை வெளியே கட்டிக்கொடுக்க முடியும்.

எனக்கும் ஒரு தாள் அனுப்பு.

பெங்களூர் வரை பேர்பெற்ற,
தே. சென்றாயன்

சென்னை,
20-7-1956

அன்புள்ள மாமாவுக்கு,

தாள் மாணவர்களுக்கு மட்டும்தான். உங்கள் ஆசைக்காக அனுப்புகிறேன். பெயர் எழுதக் கூடாது. அப்போதுதான் உண்மை வரும் என்கிறார் பேராசிரியர்.

பையன்கள் தாளில் வீரம் வழிகிறது. பெண்களிடம், 'கல்யாணப் பேச்சில் உங்கள் விருப்பத்தை யாராவது கேட்டார்களா?' என்று இருந்தது. அறுபத்துமூன்று பேரில் ஐம்பத்தெட்டு பேர் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

கோவிந்தப்பன் கிருஷ்ணகிரிக்காரர். நல்லவர்.

மங்கம்மா

ஓசூர்,
1-8-1956

மங்கம்மாவுக்கு,

தாள் இத்துடன். ஏழாம் கேள்வி, ஆசைப்பட்ட பெண்கள் எத்தனை? பதினாலு. கோலாரில் மூணு, தளியில் ரெண்டு... குறைத்துத்தான் போட்டேன். பத்தொன்பதாம் கேள்வி, மணக்க நினைக்கும் பெண்ணிடம் சம்மதம் கேட்டீர்களா? 'அவசியமில்லை, அக்கா மகள்' என்று எழுதினேன்.

பேரில்லாத மனு எங்கேயும் செல்லாது. அதனால் கையெழுத்துப் போட்டு ஏஜென்சி முத்திரையும் குத்திவிட்டேன்.

அந்த நல்லவர் ஏழாம் கேள்விக்கு எத்தனை போட்டார்? ஆள் என்னைவிட உயரமா?

முறைமாமன்,
தே. சென்றாயன்

சென்னை,
14-8-1956

மாமா,

வந்ததில் பெயரோடு இருந்த தாள் உங்களுடையது மட்டும்தான். பதினாலைப் பார்த்து கோவிந்தப்பன் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதுகூட நீங்கள் தலை நிமிர மாட்டீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பத்தொன்பதைப் படித்து அழுதேன். அந்த ஐம்பத்தெட்டில் நானும் ஒருத்தி.

போன வாரம் கோவிந்தப்பன் என்னைக் கேட்டார். சம்மதம் என்றேன். நீங்கள் முன்பே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைத் தட்டோடு வருகிறார். வாங்கிக்கொள்ளுங்கள், மாமா.

மங்கம்மா

ஓசூர்,
20-8-1956

மங்கம்மா,

வந்தான். என்னைவிட நாலு விரல் குட்டை. ஊரில் ஒரு முழம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெற்றிலை கொஞ்சம் வாடல். வாங்கிக்கொண்டேன். பந்தல் என் பொறுப்பு, இந்தத் தாலுகாவிலேயே பெரிசாகப் போடுகிறேன் பார்.

இன்னொரு தாள் அனுப்பு. ஏழாம் கேள்விக்கு ஒண்ணு என்று திருத்த வேண்டும். பத்தொன்பதுக்கு, 'கேட்கவில்லை.'

இந்தத் தடவை பேர் போட மாட்டேன்.