இரண்டு அசல், ஒரு வாய்தா

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. அறந்தாங்கி அலுவலகத்தில் கூரை ஒழுக்கு. சர்வர் மேசையை நகர்த்தினோம். வழக்குப் பட்டியல் முழுவதும் அதில்தான்; இலவசத் திறமூல டேட்டாபேஸ். இணைப் பிரதி புதுக்கோட்டைக் கிளையில். கிளை என் மனைவியின் தம்பி இளங்கோ வசம். அவனும் வக்கீல். பிரதியெடுக்கும் முறையைத் தேர்ந்தவனும் அவனே. என் ஆட்சேபணை அன்றே எழுத்தில். சாரம்:

அ. அசல் ஒன்று, நகல் பின்தொடரும். சாதாரணத் தபால். வேகம் உண்டு, அசல் கெட்டால் கடைசியில் எழுதியவை போகும்.

ஆ. நகல் ‘கிடைத்தது’ என்று சொல்லும்வரை அசல் காத்திருக்கும். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். லைன் அறுந்தால் வேலை நிற்கும். நிற்கட்டும்.

இ. மூன்று இயந்திரம், பெரும்பான்மை முடிவு. மூவர் அமர்வு போல. மூன்றாவது இயந்திரம் வாங்க அவனுக்கு மனமில்லை.

அவன் வைத்தது நான்காவது: இரு இடத்திலும் எழுதலாம், முரண்பட்டால் பிந்தியது நிற்கும். அதாவது இரண்டு அசல். கேட்டதற்கு, “உயில்ல கடைசியா எழுதுனதுதானே செல்லும் மச்சான்?” என்று சிரிப்பு. உயிலை எழுதுபவன் ஒருவன், மூடனே.

நவம்பர் 6, வியாழன்

திருமயத்தில் வேறு வழக்கு. திரும்பியதும் செய்தி: நம் கட்சிக்காரர் நல்லம்மாள் வழக்கில் எக்ஸ்பார்ட்டி, ஒருதலை உத்தரவு. அழைத்தபோது நம் தரப்பில் ஆளில்லை.

ஆவுடையார்கோவில்காரர். கணவர் கத்தாரில், கொழுந்தன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கு. உத்தரவு நிறைவேறினால் தெருவில்தான்.

நடந்தது: வாய்தா இருபதாம் தேதியிலிருந்து இன்றைக்கு முன்தள்ளப்பட்டது. குமாஸ்தா செவ்வாயன்று இங்கே பதிந்துவிட்டு, வீட்டு விசேஷத்துக்கு விடுப்பு. அப்போது மழையில் லைன் அறுந்திருந்தது. பிறகு புதுக்கோட்டையில் இளங்கோ பழைய பதிவைத் திறந்து, போன் நம்பரை மட்டும் திருத்திச் சேமித்தான். லைன் வந்ததும் பிந்திய பதிவு வென்றது. பழைய தேதியும் கூடவே. அந்த அம்மாள் போனில் கேட்டதற்கு, கிளையில் “இருவதாந்தேதி வந்தாப் போதும்” என்றார்களாம்.

இளங்கோ: “ரெண்டு சர்வரும் சரின்னுதான் காட்டுச்சு மச்சான்.”

ஆம். இரண்டும் ஒரே பொய்யை.

நவம்பர் 7, வெள்ளி

மழை ஓய்வு. காலையில் டீ, இரண்டு பிஸ்கட்.

இளங்கோ மனு வரைந்து வந்தான். எக்ஸ்பார்ட்டியை நீக்கக் கோர இந்த ஜில்லாவில் எல்லோரும் எழுதும் அதே காரணம்: மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம், படுத்த படுக்கை. நல்லம்மாள் முன்னிலையிலேயே வாசித்தான்.

“எனக்கு ஏதுங்க காமாலை? ஒங்க பொட்டிக்கில்ல வந்துருக்கு! அதுக்குப் பத்தியம் போடுங்க.”

“வழக்கமா எழுதுறதுதான் ஆத்தா. கையெழுத்துப் போடுங்க.”

“நாளைக்கு எங் கொழுந்தன், ‘இவ குலவை போட்டுக்கிட்டு நாத்து நட்டா’ன்னு போட்டோவ நீட்டுவான். அப்ப?”

மனுவைக் கிழித்தது நான்.

நவம்பர் 8, சனி

தூறல். புதிய நீக்கல் மனுவுக்கு ஆதரவாகப் பிரமாணப் பத்திரம், என் பெயரில். பதிவைத் திறந்தவர் யார், முறையைத் தேர்ந்தவர் யார், ஆட்சேபித்தவர் யார், அனைத்தும் பத்திவாரியாக. திங்கள் தாக்கல்.

மாலை இளங்கோ போனில்: “எம் பேரையா போட்டிருக்கீங்க? அக்காவுக்குத் தெரியுமா?”

நகல் ஒன்று அக்காவிடம் கொடுத்து, படித்ததாக ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கிய பிறகே அசலில் நான் கையெழுத்திட்டேன் என்று தெரிவித்தேன்.