ஐயாவின் படத்தில் ஏரம்புவின் முகம்

உரும்பிராய்

அன்புள்ள மகள் தக்சாயினிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உனக்கும் மருமகனுக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்றுதான் தினமும் விளக்கு வைக்கிறேன்.

நீ போனில் அனுப்பிய ஐயாவின் படம் கிடைத்தது. இடப்பெயர்வின்போது வீட்டோடு படமெல்லாம் போய்விட்டது, உன்னைப் பெற்ற ஐயா செத்தபோது நீ தவழ்ந்த பிள்ளை, அவர் முகம் உனக்குத் தெரியாதென்பது எனக்கும் துக்கம்தான். மனத்தில் தெரிகிற படத்திலிருந்துதான் சித்திரமும் வந்தது, விஞ்ஞானமும் வந்தது என்று ஆராய்ந்து புத்தகம் எழுதுகிறவள் நீ. "கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கோ அம்மா, மிச்சத்தைக் கொம்பியூட்டர் படமாய்க் கீறும்" என்றாய். சொன்னேன். முதல் வந்தவருக்கு முறுக்கு மீசையும் தலைப்பாகையும். தமிழ் ஆம்பிளை என்றால் உன் கொம்பியூட்டருக்கு அவ்வளவுதான் தெரியுமாக்கும். ஐயா தலையில் கட்டியது மிளகாய்க்கு மருந்தடிக்கிற நாளில் மட்டும், அதுவும் என் பழைய சீலைத் துண்டு. மூக்கு, நாடி, நெற்றி என்று திருத்திச் சொன்னேன். இரண்டாவது படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது பக்கத்துவீட்டு ஏரம்பு. எங்கள் வேலிக் கதியால் தடியைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளே நட்டானே, அதே ஏரம்பு.

பிழை கொம்பியூட்டரில் என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணை மூடிப் பார்த்தால், ஐயாவைக் கூப்பிட அவன்தான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறான். இத்தனை வருஷமும் திட்டித் திட்டி அவன் மூஞ்சியைத் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறேன். ஐயாவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதனால் மனிசனின் முகம் மங்கிப்போனது. உன் புத்தகத்தில் இதையும் எழுது.

திவசம் கிட்டுகிறது, அந்த மூஞ்சிக்கு மாலை போட என்னால் ஏலாது. போனைக் கொண்டுபோய் வேலியடியில் அவனிடமே நீட்டினேன். "என்னணை, நான் இன்னும் சாகேல்லை, அதுக்குள்ளை படமோ?" என்றான். இது தக்சாவின் ஐயாவாம் என்றேன். அவனுக்கு வந்ததே கோபம். "உதோ அவன்ரை மூக்கு? கதியாலோடை என்னை அடிக்க வரேக்கை ரண்டு பக்கமும் விடைச்சு நிக்கும். இடது புருவம் நடுவிலை பிளந்தது, அது நான் எறிஞ்ச கல்லு. வலது காதுதான் முதல் சிவக்கும்" என்று கண்ணை மூடாமலே சொன்னான். சொல்லச் சொல்ல உன் ஐயா என் முன்னால் வந்து நின்றார், பிள்ளை. அறுவான், அந்த முகத்தை என்ன கவனமாக வைத்திருக்கிறான்.

சிரித்தால் எப்படி என்று கேட்டேன். "அவன் சிரிச்சதை நான் எங்கை கண்டது" என்றான். அது எனக்குத் தெரியும். மேலுதடு இடப்பக்கம் மட்டும் ஏறும், பொய் சொல்லி அகப்பட்ட பிள்ளை மாதிரி. நீ சிரிப்பதும் அப்படித்தான், கண்ணாடியைப் பார்த்துக் கீறு.

மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறேன், மருமகனுக்கு அளவாய்ப் போடு. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் இருக்கவேணும். படம் திவசத்துக்கு முன் வந்துவிட வேண்டும். சரிபார்க்க ஏரம்புவையும் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். வாசல் படலையால் வா, வேலியால் வராதே என்றும் சொன்னேன்.

இப்படிக்கு,
ஒன்றையும் மறக்காத உன் அம்மா
செல்வநாயகி