நியாஸின் முறை, என் கணக்கு

நவம்பர் 17, திங்கள்

விடியலிலிருந்து தூறல். ஒழுகும் இடத்தில் சட்டி வைத்தாயிற்று.

போனில் சத்தம். மூன்று நாளில் என்னோடு பேசிய முதல் ஆள், வங்கிக் குறுஞ்செய்தி. உரம் வாங்குவதற்கான பசளை மானியம் வந்திருக்கிறதாம். இந்தப் பெரும்போகத்தில் நான் ஒரு மணி நெல் விதைக்கவில்லை.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். வாப்பா விட்டுப்போனது ஒரே வயல். தட்டுமாறு: ஒரு வருசம் எனக்கு, ஒரு வருசம் தம்பி நியாஸுக்கு. ஆபீஸ் புத்தகப்படி இந்த வருசம் என் பெயர். ஆனால் போன வருசம் என் மனைவி ரஹீமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, செலவுக்கு ஆகட்டும் என்று நியாஸ் தன் முறையை எனக்குத் தந்தான். அதற்குப் பதிலாக இந்த வருசம் அவன் செய்கிறான். வயல் கணக்கு வைக்கும் கமநல ஆபீஸில் அதைச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

போன வருச மானியம் அவன் கணக்கில்தான் விழுந்தது. மறுநாளே வார்டுக்குக் கொண்டுவந்து ரஹீமாவின் தலையணைக்கு அடியில் வைத்தான்.

வாங்க: முட்டை (இரண்டு போதும்), நெருப்புப்பெட்டி, பிரஷர் குளிசை.

நவ. 18, செவ்வாய்

மழை இல்லை. பல்லேபொல பஸ். ஆபீஸில் மிஸ் ஒருத்தி, சிங்களமும் தமிழும் கலந்து:

"நானா, காசு உங்க கணக்குல. வயல் தம்பிட கையில. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் வந்து சைன் வைங்க. இல்லாட்டி அடுத்த போகத்துல ரெண்டு பேர்ட பேரும் வெட்டுப்படும். தம்பி தூரமா?"

பக்கத்து வீடு. நடுவில் ஒரு பலா மரம், பேசாத ஒன்பது மாதம்.

திரும்பும்போது வயலைப் பார்த்தேன். பயிர் மஞ்சள் அடித்துவிட்டது. பசளை வாங்கக் காசில்லாமல் நிற்கிறான். யார் வருசமானாலும் பசளை வீசுவது இரண்டு பேரும் சேர்ந்துதான். மேல் வரம்பிலிருந்து மூத்தவன், கீழ் வரம்பிலிருந்து இளையவன். வாப்பா வைத்த ஒழுங்கு.

முட்டை மறந்துபோனது.

நவ. 19, புதன்

ஒருமுறை எழுதிவிடுகிறேன். ரஹீமா மௌத்தான அன்று, அடக்கி முடிந்த பிறகுதான் நியாஸ் வந்தான். காலெல்லாம் சேறு. ஊர் முன்னால் கேட்டேன்: "மதினிய விட வயல்தான் ஒனக்கு பெருசா?"

அவன் வெட்டிக்கொண்டிருந்தது என் நெல்லை. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், மழைக்கு முந்தி எடுத்துவிட வேண்டும் என்று, போனை வீட்டில் வைத்துவிட்டு, தனியாக. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கேட்டேன். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

காசை எடுத்தேன். யூரியா ஒரு மூட்டை. த்ரீவீல்காரன்:

"எங்க எறக்க, நானா?"

"தம்பிட வரம்புல."

"நீங்க ரெண்டு பேரும் பேசுறல்லயே?"

"நீ எறக்கு."

அவன் வீட்டு வாசல் வரை போனேன். தட்டத் தைரியம் வரவில்லை. வரம்புக்கே வந்து மூட்டைக்குப் பொலித்தீன் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

நவ. 20, வியாழன்

நல்ல வெயில். தேநீர் குடிக்காமலே வயலுக்குப் போனேன். மூட்டையை வாய்க்காலில் தள்ளியிருப்பான் என்றே நினைத்தேன்.

கீழ்ப்பாதி வீசி முடிந்திருந்தது. மேல்பாதி அப்படியே. மேல் வரம்பில் மிச்ச யூரியா, அதன் மேல் வாப்பாவின் அலுமினியப் பேசின். கீழே நியாஸ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரம்பு கட்டிக்கொண்டிருந்தான். திரும்பாமலே:

"எனத்துக்கு பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, நானா? தண்ணி வடியப் போகுது."

அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றான்.

சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினேன். வீசி முடித்து நடு வயலுக்கு வந்தபோது அவனும் அங்கே நின்றான். நாளைக்கு ஆபீஸில் சேர்ந்து சைன் வைக்க வேண்டும் என்றேன். அதோடு, "அண்டைக்கு நான் சொன்னது பிழை, தம்பி."

அவன் குனிந்து வெகுநேரம் கை கழுவினான்.

"எத்தின மணி பஸ்?"

எட்டேகால். வெள்ளைச் சட்டையைத் தோய்க்க வேண்டும்.